தண்ணீரைக் கொட்டலாம், இறைச்சியைக் கொட்ட முடியாது: ஒரு காட்டுப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

மூன்று இரவு, நான்கு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள ஃபிளாட் டாப்ஸ் காட்டுக்குள் நாங்கள் போய் வந்த பயிற்சிப் பயணத்தைப் பற்றிய பதிவு இது. பிள்ளைகள் நால்வருக்கும் என்றாவது ஒருநாள் எல்க் என்ற பெரிய மானின் வேட்டைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு முன்னால் முதுகில் வீட்டைச் சுமந்துகொண்டு காட்டில் நடக்க, தங்க, திரும்பி வரப் பழக வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாம் நாள் மதியம், ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கணக்குப் போட்ட வேலை ஏழு மணி நேரம் இழுத்தது. 13 வயதுப் பையன் ஒருவன் உடல் வெப்பம் இறங்கி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். யாருக்கும் நிரந்தரப் பாதிப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அது எப்படி நடந்தது, அதில் யார் பங்கு எவ்வளவு என்று எழுதி வைக்காவிட்டால், நாளடைவில் அது "ஒரு நல்ல சாகசக் கதை" ஆகிவிடும். ஏற்கெனவே பிள்ளைகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

யார், எங்கே, ஏன்

வேட்டையில் அனுபவம் உள்ளவர் பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருஷத்துக்கு மேலாக எல்க் வேட்டைக்குப் போகிறவர். அவருடைய மகன்கள் இரண்டு பேர்: பெரியவனுக்கு 16, சின்னவனுக்கு 13. என் மகளுக்கு அப்போது 14. நான்காவது ஆள், தமிழ் நண்பர் ஒருவரின் 15 வயது மகன். வரைபடமும் கையுமாகவே இருந்ததால் பயணம் முழுக்க அவனுக்கு "வரைபடக்காரன்" என்றே பெயர். எனக்கு டிரெக்கிங் பழக்கம் உண்டு, வேட்டை அனுபவம் அப்போது இல்லை. இதைச் சொல்லிவிடுவது முக்கியம், பின்னால் வரும் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளம்பியது.

கொலராடோவில் பெரிய விலங்கு வேட்டைக்கு 12 வயதிலேயே உரிமம் எடுக்கலாம். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லோரும் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும். 16 வயதுக்குக் கீழே இருந்தால், பெரியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்குக் கேட்கும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். சட்டம் கேட்பது இவ்வளவுதான். பத்துக் கிலோமீட்டர் உள்ளே போய் ஒரு எல்க்கைச் சுட்டுவிட்டு அதை எப்படி வெளியே கொண்டுவருவாய் என்று எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

ஆனால் கேள்வியே அதுதான். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிய பிறகும் 80, 90 கிலோ இறைச்சி தேறும். நான்கு கால்களின் இறைச்சியையும் முதுகுத்தண்டை ஒட்டிய சதையையும் காட்டில் விட்டுவிட்டு வருவது குற்றம். ஃபிளாட் டாப்ஸ் போன்ற பாதுகாக்கப்பட்ட காட்டில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சக்கரம் வைத்த தள்ளுவண்டிக்கும் அனுமதி இல்லை. 1964ஆம் ஆண்டு வனச் சட்டம் அப்படி. மிச்சம் இருப்பது குதிரையும் மனித முதுகும். எங்களிடம் குதிரை கிடையாது.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1919இல் வனத்துறை ஆர்தர் கார்ஹார்ட் என்பவரை இங்கே டிராப்பர்ஸ் ஏரிக்கு அனுப்பியது, கரையைச் சுற்றிக் கோடை வீடுகளுக்கு மனை அளந்து வரச் சொல்லி. அவர் அளந்துவிட்டு, இங்கே வீடே கட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் புண்ணியத்தில் இன்றைக்கும் அது காடாக இருக்கிறது. எல்க் கூட்டங்களுக்குப் பேர்போன இடம். இன்னொன்றுக்கும் பேர்போனது: பட்ட மரங்கள். 1940களில் வண்டு தாக்கி ஸ்ப்ரூஸ் மரங்கள் காடு காடாகச் செத்தன. 2002இல் பெரிய தீ. வெள்ளி நிறத்தில் நின்றபடியே உலர்ந்த மரங்களும், ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும் கருகிய மரங்களும் எங்கு பார்த்தாலும் உண்டு. இவை எந்த வரைபடத்திலும் இருக்காது.

முதல் நாள்

உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று முதல் இரவை நடைபாதை தொடங்கும் இடத்திலேயே, சுமார் 2,900 மீட்டரில் கழித்தோம். இது சரியான முடிவு. யாருக்கும் தலைவலி, குமட்டல் இல்லை.

மறுநாள் காலை எட்டு கிலோமீட்டர் நடந்து, 3,200 மீட்டர் வாக்கில் முகாம் போட்டோம். பிள்ளைகள்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. பெரியவன் காட்டிய முதல் இடம் அழகான சமதளம், பக்கத்தில் ஓடை, நல்ல நிழல். பக்கத்து வீட்டுக்காரர் எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் அண்ணாந்து பார்த்தார். நான்கு பிள்ளைகளும் அண்ணாந்தார்கள். நேர் மேலே பட்ட மரம் ஒன்று, பட்டை உரிந்து, பக்கத்து மரத்தின் கிளையில் தொத்திக்கொண்டு நின்றது. "சரி, வேற இடம்" என்று பெரியவனே கிளம்பிவிட்டான். ஓடையிலிருந்தும் அறுபது மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பதை என் மகள் நினைவுபடுத்தினாள். அன்றைய பாடங்களில் மிகச் சுலபமாக மனதில் நின்றது இதுதான், பேச்சே இல்லாமல் நடந்ததால் இருக்கலாம்.

சாயங்காலம் திசைகாட்டிப் பயிற்சி. ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்னக் குட்டை. மரங்களுக்கு நடுவே நேராகப் போய் அதைத் தொட்டுவிட்டு வர வேண்டும். வரைபடக்காரன் கோணத்தைச் சரியாக எடுத்தான், நடையும் நேர்தான். குட்டை மட்டும் வரவில்லை. "அங்கிள், வரைபடம் பழசு போல" என்றான். வரைபடம் சரிதான். காந்த வடக்கு அந்தப் பக்கத்தில் உண்மை வடக்கிலிருந்து எட்டு, ஒன்பது பாகை கிழக்கே விலகியிருக்கிறது; அதை அவன் கழிக்கவில்லை. 8 பாகை என்றாலே கிலோமீட்டருக்கு 140 மீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டரில் 200 மீட்டருக்கு மேல் வலது பக்கம் போய்விட்டான். இடது பக்கமாகத் திரும்பி நடந்து குட்டையைக் கண்டுபிடித்ததும், இந்தத் தவறை இனி வாழ்நாளில் செய்ய மாட்டான் என்று தெரிந்தது. தவறு செய்தால் மனதில் பதியும், அதனால் செய்ய விட வேண்டும் என்ற எங்கள் நம்பிக்கை அன்றைக்கு ஒரு சுற்றுப் பெருத்தது. மறுநாள் நடந்ததற்கு இந்தப் பெருமையும் ஒரு காரணம்.

இரண்டாம் நாள்

காலை ஆறு மணிக்குப் பைனாகுலரோடு மேட்டு விளிம்பில் உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தாக்கில் இருபது எல்க் போலப் பெண்களும் கன்றுகளும் மேய்ந்துகொண்டிருந்தன. பிள்ளைகளுக்கு மூச்சே நின்றுவிட்டது. அன்றைய பயிற்சி: எல்க்கை எங்கே "சுடலாம்" என்று அவர்களே வரைபடத்தில் குறிக்க வேண்டும், அங்கிருந்து முகாமுக்குச் சுமை கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல வேண்டும், பிறகு நிஜமாகவே சுமந்து வர வேண்டும். இறைச்சிக்குப் பதில் தண்ணீர். மடக்கி எடுத்துப் போகும் ரப்பர் பைகளை ஓடையில் நிரப்பினால் லிட்டருக்கு ஒரு கிலோ. போகும்போது எடை இல்லை, வேலை முடிந்ததும் கொட்டிவிடலாம். யோசனை என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எல்க் நின்ற அதே பள்ளத்தையே குறித்தார்கள், வேறெங்கே குறிப்பார்கள்? தூரம் 2.4 கிலோமீட்டர், ஏற்றம் 330 மீட்டர். நான் சொல்லிக்கொடுத்திருந்த நெய்ஸ்மித் விதியைப் போட்டார்கள். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி ஒருவர் வகுத்த கணக்கு அது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அரை மணியும் அரை மணியும் சேர்ந்து, ஒரு மணி நேரம். கணக்கில் பிழையே இல்லை. நான் பாராட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டார். எதற்கென்று அப்போது நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கீழே இறங்கினோம். எல்க் எப்போதோ போய்விட்டிருந்தன. காற்றைப் பற்றிய பாடம் அங்கே நன்றாக நடந்தது: காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே வழிகிறது, வெயில் ஏறியதும் மேலே புரள்கிறது, நம் வாடை அதன்மேல் ஏறிப் போய் எல்க்கிடம் கோள் சொல்லிவிடும். மாவுப்பொடியை ஊதிப் பார்த்துப் பார்த்து எங்கே வாடை போகிறது என்று கண்டுகொண்டார்கள். சாப்பாடு. அப்புறம் பைகளை நிரப்பினார்கள்.

உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, கொஞ்சம் முன்னே பின்னே, என்பது நாங்கள் வாயால் சொன்ன அளவு. பெரியவனுக்கு 14 லிட்டர், வரைபடக்காரனுக்கு 12, என் மகளுக்கு 10, சின்னவனுக்கு 8. "நீ சின்னப் பையன், உனக்கு எட்டுப் போதும்" என்று காலையிலேயே எல்லோர் முன்னாலும் சொன்னது நான். அவன் 41 கிலோ. ஓடைக்குத் தனியாகப் போய் 12 லிட்டர் நிரப்பிக்கொண்டு வந்தான். பையில் இடம் போதாமல் மழை ஜாக்கெட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில், இத்தனை தண்ணீர் தூக்க வேண்டும் என்று காலையிலேயே திட்டம் போட்டு ஜாக்கெட்டை முகாமில் விட்டுவிட்டே கிளம்பியிருக்கிறான். உடம்பில் பருத்தி ஹூடி. மற்ற சாமான்களோடு சேர்த்து அவன் முதுகில் கிட்டத்தட்ட 16 கிலோ. யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

1:15க்குக் கிளம்பினோம். முதல் அரைக் கிலோமீட்டர் புல்வெளி, பாட்டு, கேலி. பிறகு தீயில் விழுந்த மரங்கள். இடுப்புயரத்துக்குக் கிடக்கும் மரத்தைச் சுமையோடு தாண்டுவது எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தால்தான் தெரியும்: காலைத் தூக்கி மேலே வைக்கும்போது முதுகிலுள்ள தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆளை இழுக்கும், குனிந்து கீழே நுழைந்தால் பை மாட்டிக்கொள்ளும், சுற்றிப் போகலாம் என்றால் அங்கே இன்னும் நான்கு மரம். நானூறு மீட்டர் கடக்க ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நாற்பது அடிக்கு ஒரு கோடு என்று வரைபடம் ஏற்றத்தை எவ்வளவு துல்லியமாகக் காட்டினாலும், விழுந்த மரத்துக்குக் கோடு கிடையாது.

2:40க்கு இடி. கோடைக்காலத்தில் ராக்கி மலைகளில் மதியத்துக்கு மேல் இடிமழை வருவது தினசரி நடப்பு. நண்பகலுக்குள் உயரத்திலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். நாங்களோ நண்பகலுக்குப் பிறகு ஏறிக்கொண்டிருந்தோம். தனி மரங்களை விட்டு விலகி, ஒரே உயரமான இளமரங்கள் நிற்கும் தாழ்வான இடத்துக்குப் போய், ஒருவருக்கொருவர் பதினைந்து மீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்தோம். மின்னல் விழுந்தால் எல்லோரையும் சேர்த்து அடிக்கக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. ஆலங்கட்டி, பிறகு மழை. நாற்பது நிமிஷம்.

பிறகு யோசிக்கும்போதுதான் உறைத்தது. மின்னலுக்குச் சரியான முறை, குளிருக்குத் தப்பான முறை. பதினைந்து மீட்டர் தள்ளி, நனைந்த ஹூடியோடு குந்தியிருந்த சின்னவன் நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை. அவனிடம் ஜாக்கெட் இல்லை என்பதே மழை விட்ட பிறகுதான் தெரிந்தது. கேட்டதற்கு "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றான். நடந்தோம்.

3:40 போல ஒரு சின்ன மேட்டில் மூச்சு வாங்க நின்றோம். எல்லோரும் பையைக் கழற்றினார்கள். சின்னவன் கழற்றவில்லை. நெஞ்சுக்குக் குறுக்கே இருக்கும் பட்டையின் பிளாஸ்டிக் கிளிப்பை இரண்டு கட்டை விரலாலும் அழுத்திக்கொண்டே இருந்தான். விரல் வழுக்கியது. மறுபடி வைத்தான், மறுபடி வழுக்கியது. அழவும் இல்லை, உதவி கேட்கவும் இல்லை, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பது போலத் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே எட்டில் போய்க் கிளிப்பைத் திறந்து பையை இறக்கினார். அவர் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஹைப்போதெர்மியாவின், அதாவது உடல் வெப்பம் ஆபத்தாக இறங்குவதன், தொடக்கம் இப்படித்தான் இருக்கும்: வாய் குழறும், கால் தடுக்கும், கை சொன்ன பேச்சைக் கேட்காது, ஆள் அமைதியாகிவிடுவார். பிள்ளைகளுக்கு இதை நாங்களே முந்தின இரவு வகுப்பெடுத்திருந்தோம்.

அடுத்த ஐம்பது நிமிஷம் எல்லோரும் சரியாக வேலை செய்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பெரியவன் டார்ப்பைக் கட்டினான். என் மகள் தன் பஞ்சு ஜாக்கெட்டைக் கொடுத்தாள். ஈரத் துணியை உருவி, கம்பளி உடுத்தி, மெத்தைப் பாய்மேல் உட்கார வைத்து, தொப்பி போட்டு, ஸ்டவ்வில் சர்க்கரை கரைத்த வெந்நீர் கொடுத்தோம். சாக்லேட்டை அவனால் உடைக்க முடியவில்லை, வரைபடக்காரன் ஊட்டிவிட்டான். பத்து நிமிஷத்தில் பல் தந்தியடிக்க நடுங்க ஆரம்பித்தான். நடுங்குவது நல்லது, உடம்பு அடுப்பை மூட்டிவிட்டது என்று அர்த்தம். நடுக்கம் குறைந்து, பேச்சு தெளிந்து, தன் கையால் சாக்லேட்டை உடைத்த பிறகுதான் எழுப்பி நடக்க வைத்தோம்.

அதற்கு முன்னால் அவனுடைய தண்ணீரைக் கொட்டினோம். அப்போதுதான் 12 லிட்டர் என்பது தெரிந்தது. "கொட்டாதீங்க, நான் தூக்கிடுவேன்" என்று அவன் கெஞ்சினான். அந்த மதியம் முழுக்க அவன் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். தண்ணீர் மண்ணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் கேட்டாள்: "அப்பா, இது நிஜ எல்க்கா இருந்தா எதைக் கொட்டுவோம்?"

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லோருடைய பையையும் காலி செய்தோம். வெறும் பையோடு, ஈரக் காலோடு, முகாமுக்கு வந்து சேர்ந்தபோது 8:20. கடைசி இருபது நிமிஷம் தலைவிளக்கு வெளிச்சத்தில்.

அன்று இரவு டென்ட்டுக்குள் மகள் வரைபடத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருக்கிறாள். ஒரு பெரியவர் 27 கிலோ, ஒரு பிள்ளை 11 கிலோ தூக்கினால் ஒரு நடைக்கு 38 கிலோ. 90 கிலோ இறைச்சிக்கு மூன்று நடை, டென்ட் சாமான்களுக்கு ஒன்று, ஆக நான்கு. சுமையோடு நான்கு தடவை வெளியே, நடுவில் வெறுங்கையோடு மூன்று தடவை உள்ளே. முகாமிலிருந்து கார் வரைக்கும் எட்டு கிலோமீட்டர். ஏழு எட்டு, ஐம்பத்தாறு. பள்ளத்திலிருந்து முகாமுக்குக் கொண்டுவருவது தனி. காலையில் அந்தத் தாளை என்னிடம் நீட்டியபோது அவள் எதுவும் பேசவில்லை. நான் சொல்லிக்கொடுத்த எதையும்விட அந்தத் தாள் மேல்.

மூன்றாம் நாள் காலையில் இன்னொரு சின்ன விஷயம். மழை விட்டு வானம் வெளுத்ததால் இரவு நல்ல குளிர்; பாட்டில் வாயில் பனிக்கட்டி கட்டியிருந்தது. முந்தின இரவின் களேபரத்தில் தண்ணீர் ஃபில்டரை யாரோ வெளியே பாறைமேல் வைத்துவிட்டார்கள். குழல் ஃபில்டர் ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விடலாம், வெளியே பார்த்தால் தெரியாது. கெட்டுப்போனதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் வழியெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிஷம் கொதிக்க வேண்டும் என்பதால் கேஸ் காலியானதுதான் மிச்சம். இரவில் ஃபில்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

எங்கே பிசகியது

பயணம் முடிந்த வாரமே நானும் பக்கத்து வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசினோம், கொஞ்சம் சூடாகவே. ஒரு மணி நேரக் கணக்கு நடக்காது என்று அவருக்குத் தெரியும். "தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்றேன். "அவங்களுக்குப் பட்டுத் தெரியட்டும்னு. உங்களுக்கும் தெரியாதுன்னு நான் நினைக்கலை" என்றார். நியாயமான பதில். நான் அவரை நம்பி மேற்பார்வையை விட்டுவிட்டேன். அவர் நான் கணக்கைச் சரிபார்த்துவிட்டேன் என்று நினைத்தார். இரண்டு பெரியவர்கள் இருந்ததால் பொறுப்பு இரண்டு மடங்காகவில்லை, பாதியாயிற்று.

தவற விட்டுக் கற்பிப்பது தப்பு என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. குட்டையைத் தவறவிட்டது போன்ற தவறுக்கு விலை இருபது நிமிஷ நடை. பள்ளத்துக்குப் போன தவறுக்கு விலை என்னவாக இருக்கும் என்று நாங்கள் முன்கூட்டியே பேசவில்லை. எந்த நேரத்துக்கு மேல் பயிற்சியை நிறுத்துவது என்று ஒரு மணியைக் குறித்திருந்தாலே போதும். நண்பகலுக்குள் திரும்பி ஏறத் தொடங்கியிருக்காவிட்டால் அன்றைக்குச் சுமை கிடையாது என்று வைத்திருந்தால், இந்தக் கட்டுரையே கிடையாது.

நெய்ஸ்மித் விதியின்மேல் பழி போட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த விதி ஒன்றும் ஒளிக்கவில்லை. நல்ல பாதையில், திடமான பெரியவர்கள், கனம் இல்லாமல் நடக்கும் கணக்கு அது. பாதையே இல்லாத இடத்தில் சுமையோடு போகும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்தது நான்.

சின்னவன் விஷயம் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அவன் ஏமாற்றினான் என்று அவன் அப்பா முதலில் கோபப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கா வயதுப் பெண் பத்து தூக்குகிறாள், அண்ணன் பதினாலு தூக்குகிறான், உனக்கு எட்டுப் போதும் என்று நான்கு பேர் முன்னால் சொன்னால் 13 வயதுப் பையன் என்ன செய்வான்? குறைவாகத் தூக்குவது வெட்கம் என்று நாங்கள் ஆக்கி வைத்திருந்தோம். ஜாக்கெட்டை விட்டுவிட்டு வந்ததும், நல்லாத்தான் இருக்கேன் என்றதும் அதன் வால்தான்.

மாற்றியவை

2024 ஜூலையில் அதே நான்கு பேரோடு மறுபடி போனோம். மீனவர்கள் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசு ஒன்று இருநூறு கிராம் கூட இராது; அதை மரக்கிளையில் மாட்டி, கிளம்புமுன் ஒவ்வொரு பையையும் நிறுத்தோம். கிலோவைச் சத்தமாகச் சொல்லாமல் உடல் எடையில் எத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதினோம். எல்லோருக்கும் 20, யாருக்கும் அதற்கு மேல் இல்லை. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒரே எண் என்றதும் போட்டியே போய்விட்டது. எனக்கும் அதே எண்தான். என் பை 23 சதவீதம் காட்டியபோது இரண்டு சாமானை என் மகளே எடுத்துக் கீழே வைத்தாள்.

காலையில் டார்ப்பின்மேல் பையைக் கவிழ்த்துச் சாமான்களைப் பரப்ப வேண்டும், அடுத்தவர் பையை அடுத்தவர் பார்க்க வேண்டும். மழை ஜாக்கெட், கம்பளி, தொப்பி, தலைவிளக்கு, நெருப்பு இல்லாமல் யாரும் முகாமைவிட்டு நகரக் கூடாது. இடிமழைக்காக விலகி உட்கார நேர்ந்தால், உட்காருமுன் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்து, காய்ந்த துணி போட்ட பிறகே பிரிய வேண்டும். பருத்தித் துணி காரோடு சரி.

நேரக் கணக்குக்கு விதியை விட்டோம். கிளம்பும்போது இருநூறு மீட்டர் சுமையோடு நடந்து பார்த்து, அந்த வேகத்தை வைத்துப் பெருக்கச் சொன்னோம். எளிமையான வழி, ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று தெரியவில்லை. அந்த வருஷம் பிள்ளைகள் "எல்க்கைச் சுட"க் குறித்த இடம் முகாமிலிருந்து எழுநூறு மீட்டர், அதுவும் மேட்டுப் பக்கம், சுமை இறக்கத்தில் வருமாறு. எங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அக்டோபர்

2024 அக்டோபரில், மகளுக்கு 15 வயதில், முதல் வேட்டை. பெண் எல்க் உரிமம். முகாமைக் காரிலிருந்து எட்டு கிலோமீட்டருக்குப் பதில் நான்கிலேயே போட்டோம். அது அவள் போட்ட நிபந்தனை. சட்டப்படி 500 சதுர அங்குலம் ஆரஞ்சோ பிங்க்கோ போட வேண்டும், தலையிலும் அந்த நிறம் வேண்டும். 2016இலிருந்து பிங்க் அனுமதி. அவள் ஆரஞ்சுதான் போட்டாள், பிங்க் எல்க்குக்குப் பிடிக்காதாம்.

இரண்டாம் நாள் மாலை 4:50க்கு, எதிர்ச்சரிவில் 250 மீட்டரில் ஒரு பெண் எல்க் பக்கவாட்டில் நின்றது. அவள் அந்தத் தூரத்துக்குப் பயிற்சி எடுத்தவள். துப்பாக்கியைப் பையின்மேல் சாய்த்து, பார்த்தாள். பிறகு தலையை எடுத்து மணி என்ன என்று கேட்டாள். ஆகஸ்டில் எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் நடுவில் ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். பைனாகுலரில் எல்க்கை விட்டுவிட்டு அதற்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தரையைப் பார்த்தாள். விழுந்த மரங்கள், கீழே ஓடை, மறுபடி ஏற்றம். துப்பாக்கியைப் பாதுகாப்பில் போட்டுவிட்டு, "வேண்டாம்பா" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முகாமுக்குத் திரும்பிய பிறகு என்னிடம், நானாக இருந்தால் சுட்டிருப்பேன், இரவு தலைவிளக்கில் வேலை செய்திருப்போம் என்றார். அவரால் முடியும்தான். இதில் எங்களுக்கு இன்னும் ஒத்துப்போகவில்லை.

நான்காம் நாள் காலை, முகாமுக்கு மேட்டுப் பக்கம், தொள்ளாயிரம் மீட்டர் தூரத்தில் ஒன்று கிடைத்தது. ஒரே குண்டு. தோலை உரித்து, கால் காலாகப் பிரித்து, எலும்பு நீக்கி, துணிப் பைகளில் நிழலில் தொங்கவிட்டு ஆற வைத்தோம். பெண் எல்க் என்பதற்கு அத்தாட்சியாக மடிப்பகுதியை ஒரு துண்டோடு ஒட்டியபடியே விட வேண்டும், அதையும் அவளே பார்த்துக்கொண்டாள். மொத்தம் 65 கிலோ. சுமை தூக்க வந்திருந்த சின்னவனுக்கு இப்போது 14 வயது, உயரமும் கூடிவிட்டது. தராசைக் கிளையில் மாட்டும் வேலையை அவன் எடுத்துக்கொண்டான். மகளுடைய சுமை 11 கிலோ, அவனுடையது 10. அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. தன் பையின் மேல் ஜிப்பைத் திறந்து, மழை ஜாக்கெட்டை எடுத்து அப்பாவிடம் காட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்தான்.